மேற்குக் கம்பி

கிர்ரிக். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பிள்ளையின் சத்தம் மாதிரி ஒன்று, ஆனால் ஜெம்மாவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, ஏழு மாதம்தான் ஆகிறது, கீழ் ஈறில் அரிசி முனை போல ஒரு வெளுப்பு தெரிகிறது, அவ்வளவுதான், அதனால் அவள் இல்லை. அவள் என் மார்பில் கவிழ்ந்து படுத்திருக்கிறாள், வாயோரம் பால் வழிந்து என் நைட்டியில் ஈரம். மறுபடியும். கிர்ரிக். சுவருக்குள்ளிருந்து வருகிறது. மாடியில் நிற்கிற டவர் காற்றில் சத்தம் போடும், அது எனக்குப் பழக்கம். ஆனி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று கொட்டும், நாற்பதடி இரும்பை மூன்று பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கிற ஸ்டே கம்பிகள் ம்ம்ம்ம் என்று முனகும், கோயில் ஆர்மோனியத்தில் யாரோ ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துவிட்டு மறந்துபோனது மாதிரி. டவர் வந்த முதல் வாரம் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை, பிறகு காற்று நின்ற ராத்திரிகளில் அது கேட்காமல் தூக்கம் வரவில்லை. இது முனகல் இல்லை. இது ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று நிற்கிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, பதினொன்று வரை எண்ணினேன். கிர்ரிக். பதினொன்று எண்ணுவதற்குள் காற்று ஒரு மூச்சு இழுத்து விடுகிறது போல. பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தேன். இதை நான் ராத்திரிக்கு இருபது தடவை செய்கிறேன், ரெஜி அத்தான் சிரிப்பார், "பிள்ள மூச்சு விடுகு, நீ விடு மொதல்ல." விரலில் வெதுவெதுப்பு. சரி. இருக்கிறாள்.

அத்தான் மேலே போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான்தான் சொன்னேன், என்னமோ சத்தம் கேக்கு என்று. தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து முற்றத்தில் நின்று மேலே பார்த்தார். அவருக்கு அது வெறும் இரும்பு இல்லை. பாலிடெக்னிக்கில் பகல் முழுக்கப் பையன்களுக்கு மின்னணு ஆய்வகத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்து, ராத்திரி அந்த டவரின் உச்சியில் இருக்கிற ஆன்டெனா வழியாக முகம் தெரியாத மனுஷர்களோடு பேசுவார், அரசாங்க லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர். அந்தமானிலிருந்து ஒருவர் அங்கே மழை என்பார், இவர் இங்கே காற்று என்பார், இரண்டு பேருக்கும் அதில் அத்தனை சந்தோஷம். "மேல ஆன்டெனாவ பிடிச்சிருக்கப்பட்ட போல்ட்டு லூசாயிருக்கும். வேற ஒண்ணுமில்ல கேட்டியா. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வாறேன்." "ஏறப் போறீங்களா?" "ஏறுவனா? எனக்கென்ன கிறுக்கா?" என்றார். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தார், ரொம்ப நேரமாகக் கழுவினார். தனியாக ஏறக்கூடாது, காற்றில் ஏறக்கூடாது, இருட்டில் ஏறக்கூடாது என்று அவரே சாக்பீஸால் மாடிக் கதவின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த எழுத்தை யாரும் பார்த்ததில்லை. ஏனென்றால் அந்தக் கதவு மூடியதே இல்லை. டவரிலிருந்து இறங்குகிற விரலளவு தடித்த கறுப்பு கேபிள் கதவின் வாசற்படி மேல் கிடந்து படியிறங்கி முன்னறைக்கு வருகிறது, அதை நசுக்கக்கூடாது, அதனால் கதவு சுவரோடு சுவராக விரியத் திறந்து ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்து நிற்கிறது, எழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு. சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிடுகிறேன் என்கிறார். வருகிற ஞாயிறு. ஒரு வருஷத்துக்கு மேலாக வருகிற ஞாயிறு. நான் ஆறாம் வகுப்பிலிருந்து கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள், ராத்திரி ஒன்பதுக்கு அடலின் சிஸ்டர் டார்ச்சோடு வராந்தா முழுக்க நடந்து கதவு கதவாகத் தாழ்ப்பாள் போடுவார், டக், டக், டக், கடைசி டக் கேட்டதும் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலக் கண் சொக்கும். இந்த வீட்டில் எனக்கு அந்தக் கடைசி டக் வருவதே இல்லை. தலைக்கு மேலே ஒரு கதவு திறந்தே இருக்கிறது, ராத்திரி முழுக்க ஒரு வாய் திறந்திருப்பது போல.

கிர்ரிக். சுவரில் காதை வைத்தேன். எனக்குத் தெரியும். சுவரில் காது வைப்பதற்கு முன்னாலேயே தெரியும், தெரிந்துகொண்டேதான் அவரிடம் என்னமோ சத்தம் என்றேன். இது உச்சிப் போல்ட் இல்லை. எங்கள் படுக்கையறை மேற்கு ஓரம், இந்த மூலையில் எழும்புகிற கான்கிரீட் தூண்தான் மாடிக்கு மேல் மூன்றடி நீண்டு நிற்கிறது, அதன் கொக்கியில்தான் மேற்குக் கம்பி கட்டியிருக்கிறது. மேற்குக் காற்றில் டவரின் பாரம் முழுக்க அந்த ஒரு கம்பியில். சத்தம் தூணுக்குள் இறங்கி என் தலைமாட்டுக்கு வருகிறது. மாடியில் நிற்பவருக்குக் காற்றின் இரைச்சலில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அவர் அந்தக் கம்பியைப் பார்க்கவும் மாட்டார். கிழக்கே இருக்கிற இரண்டையும் டார்ச் அடித்து முறுக்கிப் பார்ப்பார், மேற்கைப் பார்க்க மாட்டார், ஏனென்றால் அது நான் கட்டியது. டவர் நிறுத்திய அன்றைக்கு நான் ஜெம்மாவை மூன்று மாதம் சுமந்துகொண்டிருந்தேன், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட ஞாயிற்றுக்கிழமைதான் சொல்ல நினைத்திருந்தேன். அவருடைய நண்பர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள், ஆளாளுக்கு ஒரு வேலை, நான் டீ கொடுத்துவிட்டு நின்றேன். "சும்ம நிக்காத, வா, ஒரு மூலைய நீ கட்டு" என்று ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். கம்பியைக் கொக்கியில் நுழைத்து மடக்கி, நீண்ட கம்பியையும் மடங்கி வந்த குட்டை வாலையும் சேர்த்து மூன்று கிளாம்பு போட்டு இறுக்க வேண்டும். ஒவ்வொரு கிளாம்பிலும் ஒரு பக்கம் பல் வைத்த இரும்புக் கட்டை, மறுபக்கம் வளைந்த கம்பி. எந்தப் பக்கம் எது என்று அவர் சொல்லியிருப்பார், காற்றில் எனக்குக் கேட்டிருக்காது, அல்லது கேட்டும் என் கை வேறொன்றைக் கேட்டிருக்கும். நான் முதல் கிளாம்பை இப்படிப் போட்டேன், இரண்டாவதை மாற்றிப் போட்டேன், மூன்றாவதைத் திரும்ப இப்படி. ஏனென்றால் தையல் வகுப்பில் அடலின் சிஸ்டர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார், ஒரு தையல் இந்தப் பக்கம், ஒரு தையல் அந்தப் பக்கம், மாறி மாறி விழுந்தால்தான் துணி விட்டுக்கொடுக்காது. பார்க்கவும் அழகாக இருந்தது. சடை பின்னியது மாதிரி. சுயம்பு சார், நாகர்கோவிலிலிருந்து வந்தவர், அத்தானுக்குப் பத்து வயது மூத்தவர், எட்டத்திலிருந்தே பார்த்துவிட்டு, "ரெஜி, ஒன் வீட்டம்மா ஒன்னவிட நேர்த்தியா கட்டுகா. இனி டவர் வேலைக்கு ஒன்ன கூப்பிட மாட்டோம், அவியளத்தான் கூப்பிடுவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கு வயிற்றுக்குள்ளிருந்தவளுக்கும் சேர்த்துப் பெருமை.

பிறகு சித்திரையில், ஜெம்மா பிறந்து ஐந்தாம் மாதம், அவர் பாலிடெக்னிக் பையன்களுக்குக் கொடுக்க டவர் பாதுகாப்பு பற்றி ஒரு குறிப்பு எழுதினார், என் டைப்பிங் வேகம் என்பதால் நான் தட்டினேன், அவர் சொல்லச் சொல்ல, மடியில் பிள்ளை பால் குடிக்க, ஒற்றைக் கையால். டவரில் ஏறுகிறவர் இடுப்பிலிருக்கிற இரண்டு கொக்கியில் ஒன்று மாட்டாமல் மற்றதை எடுக்கக்கூடாது, தட்டினேன். டவரில் ஆள் இருக்கும்போது அடியில் யாரும் நிற்கக்கூடாது, ஸ்பேனர் விழும், தட்டினேன். ஏறுவதற்கு முன் எல்லாக் கம்பிகளின் அடியையும் பார்க்க வேண்டும், தட்டினேன். கிளாம்புகள் எல்லாம் ஒரே முகமாக இருக்க வேண்டும், பாரம் தாங்குகிற கம்பியில் கட்டை, வாலில் வளைவு. மாற்றி மாற்றிப் போடுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மாறிய கிளாம்பு கம்பியை நசுக்கும், நாள்பட நழுவும். அதையும் தட்டினேன். 'நழுவும்' என்பதில் எழுத்துப் பிழை வந்தது, திருத்தினேன். என் கை திருத்தியது, நான் வேறெங்கோ இருந்தேன். அவர் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார், சிரித்துக்கொண்டே: "எங்க வீட்டு டவர்ல ஒரு கம்பிய என் மனைவி கட்டினா, இன்னைக்கு வர நான் அதத் தொட வேண்டி வரல்ல. இதயும் போடு." போட்டேன். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சடை பின்னல் அப்படியே இருந்தது. நடுக் கிளாம்பு திரும்பி நின்றது, வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் முதுகைக் காட்டி நிற்பது மாதிரி. ஆன்ம சோதனை என்று விடுதியில் ராத்திரிதோறும் ஒன்று உண்டு, கண்ணை மூடிக் காலையிலிருந்து செய்ததையெல்லாம் பார்க்க வேண்டும், செய்ததைவிடச் செய்யாமல் விட்டதைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்பார் சிஸ்டர். அறுபது ராத்திரி பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குத் தடுப்பூசி. நாளைக்கு அவருக்குப் பரீட்சைத்தாள். நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். திட்ட மாட்டார், அது எனக்குத் தெரியும், அதுதான் பிரச்சினை; ஓ என்பார், சரி விடு என்பார், அந்தக் குறிப்பில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுவார், பிறகு எல்லா மாதமும் மேற்குக் கம்பியையும் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

அதுவும் அல்ல. அதுமட்டும் அல்ல. ஒரு மத்தியானம் நானே சரிசெய்துவிடலாம் என்று ஸ்பேனரோடு மேலே போனேன். நடுக் கிளாம்பின் நட்டில் மாட்டி, பலமாக இழுத்தேன், அரைச் சுற்று இடப்பக்கம் வந்தது, கம்பி ஒரு தடவை டிங் என்றது, பாரம் ஏறி நிற்கிற கம்பியில் நட்டைத் தளர்த்தக்கூடாது என்பதையும் நான்தானே தட்டினேன். கீழே ஜெம்மா அழுதாள். ஓடிவிட்டேன். ஓடுவதற்கு முன் திரும்ப முறுக்கினேனா? முறுக்கினேன். கை நினைவிருக்கிறது, ஸ்பேனரின் சூடு நினைவிருக்கிறது, வெயிலில் கிடந்த இரும்பு. ஆனால் அந்தச் சூடு தளர்த்தியபோது பட்ட சூடா, முறுக்கியபோது பட்டதா? அழுகைச் சத்தம் முதலில் வந்ததா, டிங் முதலில் வந்ததா? டிங், பிறகு அழுகை, நடுவில் நான் என்ன செய்தேன்? அந்த நடுவை எத்தனை தடவை போய்ப் பார்த்தாலும் அங்கே யாருமில்லை. கிர்ரிக். முறுக்கியிருப்பேன். முறுக்காமல் யாராவது வருவார்களா? அழுகிற பிள்ளையிடம் ஓடுகிற எவளும் வருவாள். டவர் சாய்ந்தால் கிழக்கே சாயும், கிழக்கே எலிசா அக்காவின் ஓட்டு வீடு, அவளும் நான்கு வயது ஜின்சியும், அவள் மாப்பிள்ளை மஸ்கட்டில். டவர் வந்த நாளிலிருந்து கேலி பேசுவாள், "ஏ பிள்ள, ஒம் மாப்பிள்ள பாபேல் கோபுரம் கெட்டுகாரா? கர்த்தரு பாத்துட்டிருக்காரு, பாஷையக் கலக்கிப் போட்டுருவாரு, பாத்துக்கோ. நாளைக்கு நான் உப்பு கேட்டா நீ புளி தருவ." இப்போது அவள் வீட்டு டிவி கேட்கிறது, ஏதோ சீரியலில் யாரோ அழுகிறார்கள், விளம்பரம் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

க்ளக். இது வேறு. மேலே, மாடிப்படி வழியாக, நல்ல கனமான சத்தம். அது ஹார்னஸின் கொக்கி. தோளும் தொடையும் சேர்த்து மாட்டுகிற அந்த வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டுவிட்டார், முதல் கொக்கியை டவரில் போட்டிருக்கிறார். ஏற மாட்டேன் என்று கை கழுவினவர். ஏன் ஏறுகிறார் என்று எனக்குத் தெரியும், எலிசா அக்கா கூரைமேல் ஆன்டெனா விழுந்துவிடுமோ என்று, ஜின்சி தூங்குகிற இடத்துக்கு மேலே என்று. எனக்குப் பயமென்றால் பதுங்கத் தோன்றும், அவருக்குப் பயமென்றால் ஏறத் தோன்றும். அவருடைய எழுபது கிலோவும் காற்றும் சேர்ந்து என்னுடைய ஒரு தையலில் தொங்கப் போகிறது. கூப்பிடு. வாயைத் திறந்து கூப்பிட்டேன், "அத்தான்," காற்று அதைப் படியிலேயே தின்றுவிட்டது, ஜெம்மா மட்டும் அசைந்தாள். அவருடைய போன் இதோ மேஜையில் சார்ஜில் கிடக்கிறது. மேலே ஓடலாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, கட்டிலில் விட்டால் உருண்டு விழுந்துவிடுவாள், இப்போது ஓரிடத்தில் கிடப்பதில்லை, தொட்டில் கயிறு தோய்த்து வெளியே காய்கிறது, பிறகு டவரில் ஆள் இருக்கும்போது அடியில் நிற்கக்கூடாது, எத்தனை கூடாது, எல்லாக் கூடாதும் நான் தட்டியது. ஜன்னல் விளிம்பில் அந்தச் சின்ன செட் இருக்கிறது, உள்ளங்கையில் அடங்குகிற ரேடியோ, இதன் ஜோடி அவர் இடுப்பில். பச்சை விளக்கு. கேட்டுக்கொண்டிரு, பேசாதே என்பார், பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்காதவர்கள் பேசுவது குற்றம், உயிர் போகிற காரியமென்றால் மட்டும் யாரும் பேசலாம். அந்தப் பரீட்சைக்குத்தான் படிக்கிறேன், எழுத்துகளுக்கான பெயர்களைப் பிள்ளைக்குத் தாலாட்டாகப் பாடியே மனப்பாடம் செய்தேன், ஆல்ஃபா பிராவோ சார்லி டெல்டா, டெல்டாவில் கண் சொக்கும் அவளுக்கு, ஹோட்டல் வருவதற்குள் தூங்கிவிடுவாள். இது உயிர் போகிற காரியமா? பட்டனை அழுத்தி, அவர் கையெட்டி அடுத்த இரும்புப் படியைப் பிடிக்கிற நேரம் பார்த்து இடுப்பில் நான் கத்தினால், திடுக்கிட்டால்? அழுத்தாவிட்டால்? அழுத்தினால் ஒரு தடவை விழுவார், அழுத்தாவிட்டாலும் ஒரு தடவை விழுவார், என் தலைக்குள் அவர் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தார், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். க்ளக். இரண்டாவது கொக்கி. அழுத்தினேன்.

"பிரேக், பிரேக்," என்றேன், அவசரமென்றால் அப்படித்தான் குறுக்கிட வேண்டும், என் குரல் வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற குரலாக வந்தது. "அத்தான், ஏறாதீங்க. சத்தம் மேல இல்ல. மேற்குக் கம்பியில. நடுக் கிளாம்ப நான் திருப்பிப் போட்டுட்டேன், அன்னைக்கே, தெரியாம. எறங்குங்க." காத்திருந்தேன். பதில் இல்லை. சுவரில் கிர்ரிக். "அத்தான்? கேக்குதா? நீங்க டைப் பண்ணச் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மாற்றிப் போட்டா நழுவும்னு. நான் சொல்லல்ல. சொல்லாம இருந்துட்டேன்." ஒன்றுமில்லை. ஒரு உஸ் சத்தம்கூட இல்லை, காது அடைத்தது போல. விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். கேட்டிருக்குமா, இந்தக் காற்றில்? "அத்தான், நட்ட லூஸ் பண்ணினதும் நான்தான். நானே சரி பண்ணிரலாம்னு போனேன். அரைச் சுற்று. பிள்ள அழுதா, ஓடி வந்துட்டேன். திரும்ப முறுக்கினேனான்னு எனக்குத் தெரியல்ல, சத்தியமா தெரியல்ல, எத்தனையோ நாள் நெனச்சுப் பாத்துட்டேன். அத்தான், பேசுங்க. திட்டுங்க. ஏதாவது சொல்லுங்க." ஜெம்மா விழித்துவிட்டாள். அழவில்லை, என் கையைப் பார்க்கிறாள். என் கையில் ஒரு சிவப்பு வெளிச்சம், அதை எட்டிப் பிடிக்க ஐந்து விரலையும் விரிக்கிறாள். பச்சை விளக்குதானே இருந்தது. சிவப்பு. பேசும்போது சிவப்பு. என் கட்டை விரல், நகம் வெளுக்க, பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கிறது. நான் அழுத்தியிருக்கிறவரை அவர் குரல் எனக்கு வராது. முதல் பாடம். விரலை எடுக்கச் சொன்னேன், அது எடுக்கவில்லை, இன்னொரு கையால் பிரித்து எடுத்தேன்.

"...விடுட்டி, பட்டன விடு. பெனி. பட்டன விடு. பெனி, பட்டன விடு." மூச்சு வாங்க, அதையே, எத்தனை தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாரோ. "விட்டுட்டேன்," என்று காற்றிடம் சொன்னேன், பிறகு அழுத்தி, சொல்லி, விட்டேன். "எறங்கிட்டேன்," என்றார். "தரையில நிக்கேன். ரெண்டு படிதான் ஏறியிருந்தேன். நீ அழாத." நான் அழுகிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் செட்டில் இன்னொரு குரல், தூரத்துக் குரல், கரகரப்பாக, லைசென்ஸில் தனக்குக் கொடுத்த அடையாள எழுத்துகளை, கால் சைனை, முறையாகச் சொல்லிவிட்டு: "நாகர்கோவில்ல இருந்து சுயம்பு. தங்கச்சி பேசினது பூரா இங்க கேட்டுது. ரெஜி, நீ எறங்கிட்டியாடே? காலு தரையிலதானே நிக்கி? ஓவர்." எனக்குக் காது மடல் சுட்டது, என் ஆன்ம சோதனையை நாகர்கோவில் வரை கேட்டிருக்கிறார்கள். அத்தான், "எறங்கியாச்சு, அண்ணே," என்றார். "நல்லதாப் போச்சு. காலையில ஆறு மணிக்கு நானும் இன்னும் ரெண்டு பேரும் வாறோம். அதுவர எவனும் அதுல ஏறக்கூடாது. ஏறினா ஒன் லைசென்ஸ நானே கிழிச்சிருவேன். தங்கச்சிக்கு பரீட்ச எப்பம்?" "அடுத்த மாசம்." "பாஸாயிருவா. பட்டன விட மட்டும் படிச்சுக் குடு."

பிறகு நடந்ததெல்லாம் எனக்கு வரிசையாக நினைவில்லை, துண்டு துண்டாக இருக்கிறது. அத்தான் எலிசா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார், அவள் தூங்குகிற ஜின்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தலையணையும் மறு கையில் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டருமாக வந்தாள், எதற்கு ரெகுலேட்டர் என்று யாரும் கேட்கவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்லா, பாபேல் கோபுரம்னு," என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "சவத்த விடு, இரும்புதானே. பிள்ளைய இங்க தா. போ, அவருக்கு டார்ச் பிடி." ஜெம்மா அவளிடம் போனதும் என் மார்பு லேசாகிக் குளிர்ந்தது. மாடியில் காற்று நைட்டியைக் காலோடு சேர்த்து இழுத்தது. டவருக்கு நேர் கீழே போகாமல் ஓரமாகவே நடந்து மேற்குத் தூணுக்கு வந்தோம். டார்ச் வெளிச்சத்தில் என் சடைப் பின்னல். வால் நகர்ந்திருந்தது, கிளாம்பு இருந்த இடத்தில் கம்பி நசுங்கிப் பளபளவென்று ஒரு விரல் நீளம், பழைய கம்பிக்கு நடுவே புதுசாக. அத்தான் நடுக் கிளாம்பின் நட்டைத் தொட்டார். கையாலேயே சுழன்றது. அரைச் சுற்று. அப்படியென்றால் முறுக்கவில்லை. இத்தனை நாள் நான் போய்ப் போய்ப் பார்த்த அந்த நடுவில் இருந்தது இதுதான், நான் முறுக்காமல் ஓடியது. விசித்திரமாக, பயம் அப்போது குறைந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்துக்கொண்டே, "நான் மாசா மாசம் மத்த ரெண்டையும் பாத்தேன். இதப் பாக்கல்ல. நீ கெட்டினதாச்சேன்னு பாக்கல்ல," என்றார். "ஏறுமுன்ன எல்லாத்தையும் பாக்கணும்னு எழுதினவன் நான்." பிறகு, "ஏற மாட்டேன்னு ஒங்கிட்ட பொய் சொன்னேன்," என்றார், கை கழுவியபோது போட்ட அதே குரலில். ஹார்னஸ் இன்னும் தோளில் கிடந்தது, கொக்கிகள் இரண்டும் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தன. நான் அவர் கையைப் பிடிக்கவில்லை, டார்ச்சைத்தான் பிடித்தேன், அசையாமல் பிடித்தேன். மிச்சமிருந்த கம்பித் துண்டை எடுத்து, நழுவுகிற இடத்துக்கு மேலே பிடித்து, அதே கொக்கிக்கு இன்னொரு கட்டு போட்டார். "கிளாம்பு தா." கொடுத்தேன். "இரும்புக் கட்ட எந்தப் பக்கம்?" என்று கேட்டார், எனக்குப் பரீட்சை வைப்பது போல. "பாரத்துப் பக்கம்," என்றேன். "வால்ல?" "வளைவு." மூன்றும் ஒரே முகமாக நின்றன. அழகாக இல்லை. திருகினால் கம்பியை இறுக்குகிற இழுகொக்கியை அவர் திருகத் திருகப் பாரம் புதுக் கட்டுக்கு மாறியது, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினொன்று எண்ணினோம், பன்னிரண்டு எண்ணினோம், இருபது எண்ணினோம். முனகல் மட்டும்தான். ம்ம்ம்ம். "காலை வர தாங்கும்," என்றார். தாங்கும் என்பதைத் தாங்குமா என்பது போலத்தான் சொன்னார், நான் தாங்கும் என்றேன்.

இறங்கும்போது அவர் மாடிக் கதவின் வாசற்படியில் நின்றுவிட்டார். "மழ மூட்டம் வேற இருக்கு. இடி வந்தா இந்தக் கேபிள் வழியா வீட்டுக்குள்ள எறங்கும். கழத்திருவோம்," என்று குந்தி, முன்னறையிலிருந்து நான் தள்ளிவிடத் தள்ளிவிட அந்தக் கறுப்புப் பாம்பைப் படி படியாக மேலே இழுத்தார், கழற்றிய முனையை மாடியில் தூரமாகச் சுருட்டி வைத்தார், நான் படியேறி வந்ததும் செங்கல்லைக் காலால் நகர்த்தினார். கதவு ஒரு வருஷத்துக்குப் பிறகு சுவரை விட்டு வந்தது, பல்லிமுட்டை ஓடுகளும் ஒட்டடையும் உதிர்ந்தன. சட்டத்தில் போய்ப் பொருந்தவில்லை, ஊதிப்போயிருந்தது, தோளால் முட்டினார். காற்று சட்டென்று வெளியே நின்றது. அந்த அமைதியில் முன்னறையிலிருந்து எலிசா அக்காவின் குரல் கேட்டது, என்னிடம் கற்றுக்கொண்டது, தப்பும் தவறுமாக, "ஆல்பா, பிராவா, சார்லி, டெல்ட்டா, மக்ளே ஒறங்கு, டெல்ட்டா," ஜெம்மாவிடமிருந்து ஒரு சின்னப் பெருமூச்சு. டார்ச்சைத் தூக்கினேன். கதவின் உள்பக்கம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, சாக்பீஸ் எழுத்து கொஞ்சமும் அழியாமல், தனியாக ஏறாதே, காற்றில் ஏறாதே, இருட்டில் ஏறாதே. அவர் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், நான் அவர் தோளிலிருந்து வார்ப்பட்டையை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தாழ்ப்பாள் துருவேறி நகரவில்லை. கீழே போய் ஜெம்மாவின் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து நான்கு சொட்டு விட்டேன், விரலால் தடவினேன், முன்னும் பின்னும் ஆட்டினேன். "தள்ளு, நான் போடுகேன்," என்றார் அத்தான். "வேண்டாம்," என்றேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். டக்.